பலாக்கொட்டைக் கறியும் மண்ணில் கொட்டிய சோறும்

தோழர்களே, சித்திரை பிறந்துவிட்டால் நம் கைபேசிகளில் கடற்கரைச் சாப்பாட்டுப் படங்கள் வர ஆரம்பித்துவிடும். தென்னை நிழலில் வாழையிலை, மாங்காய் போட்ட மீன் குழம்பு, இறால் வறுவல், இளநீர். வெயிலுக்கு ஏற்ற எளிய சாப்பாடு, காற்றாட வெளியில் உட்கார்ந்து. எறணாகுளத்துக்கு மேற்கே கடலுக்கும் காயலுக்கும் நடுவில் கிடக்கும் வைப்பீன் தீவிலிருந்தும் இப்படிப் படங்கள் வருகின்றன. அங்கே பொக்காளி அரிசிச் சோறு இப்போது பெருமைக்குரிய பண்டம். புவிசார் குறியீடு வாங்கியது, விலையும் அதிகம்.

நல்ல சாப்பாட்டின் மீது எங்களுக்கு வெறுப்பு எதுவும் இல்லை. அழைத்தால் நாங்களும் போவோம். ஆனால் அதே தீவில், அதே வெயில் காலத்தில், ஒரு பந்தியில் சேர்ந்து உட்கார்ந்ததற்காகக் குடும்பங்களைச் சொந்தச் சாதியே தள்ளி வைத்த வரலாறு நம் இளைஞர்கள் பலருக்குத் தெரியவில்லை. ஒரு படிப்பு வட்டத்தில் கேட்டுப் பார்த்தோம். வைக்கம் தெரிகிறது, மகாத் குளம் தெரிகிறது. செறாயி என்றதும், "அங்க பீச் நல்லா இருக்கும் தோழர்" என்றார் ஒரு தம்பி. அவர் சொன்னது பொய்யில்லை. அந்தச் செறாயியில்தான் 1917 மே 29 அன்று அந்தப் பந்தி நடந்தது.

முதலில் அந்த மண்ணையும் அந்தப் பருவத்தையும் கொஞ்சம் பார்த்துவிடுவோம். அது தெரியாமல் அந்தச் சாப்பாடு புரியாது.

பொக்காளி உப்பு நிலத்தின் நெல். மழை வந்து நிலத்து உப்பைக் கழுவிய பிறகு ஜூனில் விதைப்பார்கள். அக்டோபர், நவம்பரில் தண்ணீருக்குள் நின்றுகொண்டு கதிரை மட்டும் அறுப்பார்கள். தாளை அப்படியே விட்டுவிடுவார்கள். அது அழுகி இறாலுக்குத் தீனியாகும். அறுவடை முடிந்ததும் தூம்பு வழியாகக் கடல் ஏற்றத்தில் தண்ணீரை உள்ளே விட்டு, இறக்கத்தில் வலை கட்டி இறால் பிடிப்பார்கள். இந்தச் செம்மீன் கெட்டு சித்திரைப் பிறப்போடு முடியும். பிறகு நிலத்தை வடியவிட்டு, உப்புச் சேற்றை வெட்டி மேடு மேடாகக் கூட்டி, மழைக்குக் காத்திருப்பார்கள். உரம் வேண்டாத, மருந்து வேண்டாத விவசாயம் என்று இன்று புகழ்கிறார்கள். இடுப்பளவு உப்புத் தண்ணீரில் இறங்கி இத்தனையும் செய்த உடல்கள் யாருடையவை? பெரும்பாலும் புலையர் மக்களுடையவை. நிலமும் தூம்பும் அவர்களுடையதாக இல்லை. விளைந்த அரிசி சோறான பிறகு, அந்தச் சோறு பரிமாறும் திண்ணைக்கு அருகில்கூட அவர்கள் வர முடியாது. நம்பூதிரிக்கு ஈழவர் இத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும், புலையர் அதைவிடத் தள்ளி நிற்க வேண்டும் என்று தூரத்துக்கே அளவுகோல் வைத்திருந்த நாடு அது.

திறந்தவெளி என்கிறோமே, அந்த வெளியாவது திறந்திருந்ததா? 1913இல் கொச்சிப் புலையர் மக்கள் ஒரு கூட்டம் போட முயன்றார்கள். இடம் கொடுக்க ஒருவரும் இல்லை. சாலை அவர்களுடையது இல்லை, மைதானமும் இல்லை. கடைசியில் காயலில் வள்ளங்களை ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டி, தண்ணீருக்கு மேல் கூடினார்கள். கிருஷ்ணாதி ஆசானும், வலைஞர் சமூகத்தில் பிறந்த கவிஞர் பண்டிட் கருப்பனும் அதில் முன்நின்றவர்கள். காயல் சம்மேளனம் என்று வரலாற்றில் நிற்கும் கூட்டம் இது. தண்ணீருக்குப் பட்டா போட அன்று ஆதிக்கச் சாதிகளுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

இதற்கு நான்கு ஆண்டுகள் கழித்துச் செறாயி.

அய்யப்பன் செறாயிக்காரர். ஈழவர் சமூகத்தில், வைத்தியர் குடும்பத்தில் 1889இல் பிறந்தவர். நாராயண குருவிடம் நெருக்கமானவர். திருவனந்தபுரத்தில் பி.ஏ. முடித்துவிட்டு ஊருக்குத் திரும்பியிருந்தார். 27 வயது. சாதி ஒழிய வேண்டும் என்று மேடையில் பேசுவது போதாது, எதையாவது செய்து காட்ட வேண்டும் என்று நண்பர்களோடு முடிவு செய்தார். செய்தது மிகச் சின்ன காரியம்: புலையர் மக்களை அழைத்து, ஒரே பந்தியில் உட்கார்ந்து சோறு சாப்பிடுவது. மிசிர போஜனம் என்று அதற்குப் பெயர். இடம் துண்டிடப்பறம்பு.

என்ன சமைத்தார்கள் என்பதும் நினைவில் இருக்கிறது: சோறு, கடலையும் பலாக்கொட்டையும் சேர்த்த கறி. இருபது வகைக் கூட்டு, நான்கு பாயசம் என்று கேரள விருந்துக்கு இருக்கும் எந்த ஆடம்பரமும் இல்லை. மே மாதக் கடைசியில் அந்தக் கடற்கரையில் பலா பழுத்துத் தள்ளும் நேரம். சுளையைத் தின்றுவிட்டுக் கொட்டையைக் காயவைத்து மழைக்காலத்துக்குச் சேர்ப்பது ஏழை வீடுகளின் வழக்கம். கடலை மலிவு. வெயிலில் கனமான சாப்பாடு இறங்காது. பணம் இல்லாத இளைஞர்கள் கையில் கிடைத்ததைச் சமைத்தார்கள் என்றே நாங்கள் நினைக்கிறோம். ஆனால் இந்தச் சமையலுக்கு இன்னொரு பலமும் உண்டு. மீனும் இல்லை, இறைச்சியும் இல்லை. "சாப்பாடு பிடிக்கவில்லை, அதனால் எழுந்துவிட்டேன்" என்று யாரும் தப்பிக்க முடியாது. எழுந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பிடிக்காமல்தான் எழுந்தான் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

அந்தக் கறியின் மேல் விழுந்த இடி பெரிது. இங்கேதான் நம் இளைஞர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். இடி நம்பூதிரி வீட்டிலிருந்து வரவில்லை. ஈழவர்களிடமிருந்தே வந்தது. செறாயியில் ஈழவர்கள் நடத்திய சபை ஒன்று இருந்தது. அதன் பெயர் விஞ்ஞான வர்த்தினி சபை. கேட்பதற்கு எவ்வளவு முற்போக்காக இருக்கிறது! அந்தச் சபைதான் பந்தியில் உட்கார்ந்தவர்களைச் சமூக விலக்கம் செய்தது. கோயிலுக்குள் போகக் கூடாது, தெருவில் நடக்கக் கூடாது என்று தங்களைத் தள்ளிய விதியை எதிர்த்துப் போராடிக்கொண்டிருந்த மக்கள், தங்களுக்குக் கீழே ஒரு விதியைக் கவனமாகப் பாதுகாத்தார்கள். அய்யப்பனை நாடு கடத்த வேண்டும் என்று கொச்சி மகாராஜா வரைக்கும் புகார் போனது. அது பலிக்கவில்லை. ஊரில் அவருக்குப் 'புலையன் அய்யப்பன்' என்று பெயர் வைத்தார்கள். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார். சகோதர சங்கம் தொடங்கினார், 'சகோதரன்' பத்திரிகை நடத்தினார், சகோதரன் அய்யப்பன் ஆனார், பின்னாளில் கொச்சியில் அமைச்சரும் ஆனார்.

இந்த வரலாற்றைச் சொல்லும்போது எங்களுக்கு ஒரு இடறல் எப்போதும் உண்டு. தமிழிலும் 'புலையன்' என்பதை வசைச் சொல்லாகத்தான் ஆக்கி வைத்திருக்கிறார்கள். நந்தனார் கதை கேட்டவர்களுக்குத் தெரியும். அய்யப்பன் அந்தப் பெயரைத் தானே எடுத்து அணிந்துகொண்டது நேர்மையான துணிச்சல். அதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் அவர் அதை அணியவும் முடிந்தது, கழற்றிவைத்துச் சகோதரன் ஆகவும் முடிந்தது. அந்தப் பந்தியில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கு அந்த வசதி இல்லை. அவர்களுக்குச் சபையிலிருந்து விலக்கம் இல்லை, ஏனென்றால் எந்தச் சபையிலும் அவர்கள் சேர்க்கப்படவே இல்லை. அவர்கள் இழக்க வேண்டியிருந்தது வேறு. அடுத்த மாதம் மழை வரும், விதைப்பு தொடங்கும். யார் நிலத்தில் வேலை? யார் நிலத்தில் குடிசை? அழைத்தவனைவிட, அழைப்பை ஏற்று வந்து உட்கார்ந்தவனின் துணிச்சல் பெரியது என்பது எங்கள் கருத்து. மிசிர போஜனம் பற்றி எழுதும் பலர் அய்யப்பனோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வந்தவர்களின் பெயர்களைச் செறாயி மக்கள் மறக்கவில்லை என்றாலும், பாடப்புத்தக அளவுக்கு அவை ஏறவில்லை.

நாராயண குரு பக்கம் நின்றார் என்பதையும் சொல்ல வேண்டும். 'குருவுக்கு இது பிடிக்கவில்லை' என்று எதிரிகள் பரப்பியபோது, 1921இல் தன் கைப்பட எழுதிக் கொடுத்தார். மனிதருக்கு மதம், உடை, மொழி எதுவாக இருந்தாலும் சாதி ஒன்றே என்பதால், சேர்ந்து சாப்பிடுவதிலும் திருமணம் செய்துகொள்வதிலும் குற்றமில்லை என்பது அதன் சாரம். திருமணத்தையும் சேர்த்துச் சொன்னாரே, அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் இதே ஆண்டுகளில் சேரன்மாதேவி நடந்தது. வ.வே.சு. அய்யரின் குருகுலத்தில் பார்ப்பனச் சிறுவர்களுக்குத் தனியாகச் சாப்பாடு போட்டது 1924-25இல் பெரும் சண்டையானது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதை விடவில்லை. காங்கிரஸ் பணத்தில் நடக்கும் இடத்தில் தனிப்பந்தியா என்ற கேள்வி சரியான கேள்வி. ஆனால் அந்தச் சண்டை முழுவதும் பார்ப்பனருக்கும் பார்ப்பனரல்லாதாருக்கும் இடையில் உள்ள இலையைப் பற்றியது. அதற்கும் அப்பால் இருந்த இலையைப் பற்றிய பேச்சு எவ்வளவு எழுந்தது என்று பழைய ஏடுகளைப் படிக்கும் மாணவர்கள் தேடிப் பார்க்கலாம்.

செறாயி, சேரன்மாதேவி இரண்டிலும் சாப்பாடுதான் போராட்டம். மகாதில் அப்படி இல்லை. அங்கே நம் மக்கள் சாப்பாட்டுக்காகப் போராடப் போகவில்லை. வேலை முடிந்து மதியச் சோறு சாப்பிட உட்கார்ந்தார்கள். அதுவே போதுமானதாக இருந்தது.

மகாத் கொங்கண் கரையில், சாவித்ரி ஆற்றங்கரையில் உள்ள சிறிய ஊர். அன்று கொலாபா மாவட்டம். 1927 மார்ச் 19, 20 தேதிகளில் அங்கே தீண்டப்படாதார் மாநாடு. நமக்குப் பங்குனி, அங்கேயும் வசந்தம் என்று பெயர், வெயில் என்னவோ வெயில்தான். பந்தல் போட்டிருந்தார்கள். ஆயிரக்கணக்கில் கூடியவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை. ஊருக்குள் சவுதார் குளம் இருக்கிறது. பம்பாய் சட்டமன்றத்தில் எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானப்படி 1924லேயே நகராட்சி அதை எல்லாருக்கும் திறந்துவிட்டதாகக் காகிதத்தில் இருக்கிறது. ஆனாலும் மாநாட்டின் முதல் நாள் தேவைக்கு 40 ரூபாய் கொடுத்துத் தண்ணீர் வாங்கினார்கள். 1927இன் 40 ரூபாய். சமையலுக்கும் குடிக்கவும் தண்ணீரை விலைக்கு வாங்கிய அந்த ஒரு நாளை, குளத்தில் கை வைத்த அடுத்த நாளைவிட நாங்கள் அதிகம் யோசிப்பதுண்டு.

மாநாட்டில் அம்பேத்கர் சாப்பாட்டைப் பற்றியும் பேசினார் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். மகர் மக்களின் கிராமக் கூலி என்ன? வீடு வீடாகப் போய், மிஞ்சிய பக்ரி ரொட்டியைக் கேட்டு வாங்கி வருவது. செத்த மாட்டை இழுத்துப் போட்டு, அதன் இறைச்சியைத் தின்பது. இதற்கு 'உரிமை' என்று வேறு பெயர். இந்த எச்சிலையும் செத்த மாட்டையும் இன்றோடு விடுங்கள், நிலம் தேடுங்கள், பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்றார். மறுநாள் வரிசையாக நடந்து போய்ச் சவுதார் குளத்தில் தண்ணீர் குடித்தார்கள்.

பிறகு பந்தலுக்குத் திரும்பினார்கள். மாநாடு முடிந்தது. பலர் ஊருக்குக் கிளம்பும் முன் சாப்பிட உட்கார்ந்தார்கள். இதற்குள் ஊரில் ஒரு வதந்தி: இவர்கள் அடுத்து வீரேசுவரர் கோயிலுக்குள் நுழையப் போகிறார்கள். அப்படி ஒரு திட்டமே இல்லை. மூங்கில் தடிகளோடு கும்பல் பந்தலுக்குள் பாய்ந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களை அடித்தார்கள். சோற்றைத் தட்டி மண்ணில் கலந்தார்கள், பாத்திரங்களை உடைத்தார்கள். தனியாக மாட்டியவர்களைத் தெருக்களில் துரத்தினார்கள். பலர் முஸ்லிம் வீடுகளுக்குள் புகுந்து தப்பினார்கள். வந்திருந்தவர்களில் பட்டாளத்தில் இருந்து திரும்பியவர்கள் பலர் உண்டு. திருப்பி அடிக்க அவர்களுக்குக் கை தெரியும். அம்பேத்கர் தடுத்தார், அவர்கள் நின்றார்கள். பிறகு 108 குடங்களில் பாலும் தயிரும் சாணமும் கோமியமும் கரைத்து ஊற்றிக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள்.

ஏன் சோற்றை மண்ணில் கலந்தார்கள்? அடிக்க வந்தவன் அடித்துவிட்டுப் போக வேண்டியதுதானே? இதை எங்களுக்குள் பலமுறை பேசியிருக்கிறோம். வீடு வீடாக வந்து ரொட்டி கேட்கும் வரை அவர்கள் கையில் சோறு இருந்தது யாருக்கும் உறுத்தவில்லை. அன்று அவர்கள் தாங்களே சமைத்து, தாங்களே பரிமாறி, ஊருக்குள் ஒரு பந்தலில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். யாரிடமும் வாங்காத சோறு. அதுதான் பொறுக்கவில்லை. கோயில் வதந்தி கையில் கிடைத்த சாக்கு.

அதே ஆண்டு டிசம்பரில் மறுபடியும் கூடினார்கள். இம்முறை பந்தல் போட இடம் கொடுக்க ஆதிக்கச் சாதியினர் யாரும் தயாரில்லை; ஒரு முஸ்லிம் தன் நிலத்தைக் கொடுத்தார். ஊர் வணிகர்கள் விற்கவில்லை; தானியத்தை வெளியிலிருந்து கொண்டுவந்தார்கள். டிசம்பர் 25 அன்று மனுஸ்மிருதி எரிந்தது. எரிந்த புத்தகத்தை எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறோம். அந்த மாநாட்டுக்கு வெளியூரிலிருந்து அரிசி மூட்டை சுமந்தவர்களையும் சேர்த்து நினைக்க வேண்டும். குளத்து வழக்கு இழுத்து இழுத்து 1937 மார்ச் 17 அன்று பம்பாய் உயர்நீதிமன்றத்தில் முடிந்தது. தண்ணீர் குடித்து பத்து ஆண்டுகள்.

சேர்ந்து சாப்பிடுவதால் சாதி போய்விடுமா? 'சாதி ஒழிப்பு' உரையில், 1936இல், அம்பேத்கர் இதற்குத் தெளிவாகப் பதில் சொல்லிவிட்டார். சேர்ந்து சாப்பிடும் சாதிகள் ஏராளம் இருக்கின்றன, அதனால் அவற்றுக்குள் சாதி உணர்வு சாகவில்லை. இரத்தம் கலக்க வேண்டும், அதற்கும் முன்னால் சாதியைப் புனிதமாக்கும் சாத்திர நம்பிக்கை உடைய வேண்டும் என்றார். சிலர் இதைப் படித்துவிட்டு, செறாயி மாதிரி பந்திகள் வீண் வேலை என்று முடிவு கட்டுகிறார்கள். எங்களுக்கு அது ஒப்பவில்லை. 1917இல் அந்த இலையைப் போடாமல் 1921இல் குருவின் வாயிலிருந்து திருமணம் என்ற சொல் வந்திருக்காது.

எங்கள் சந்தேகம் வேறு இடத்தில். ஆகஸ்ட் 15 அன்று கோயில்களில் நடக்கும் சமபந்தியில் அமைச்சர் உட்கார்வார், ஆட்சியர் உட்கார்வார், பக்கத்தில் நம் ஆள் ஒருவரை உட்காரவைத்துப் படம் எடுப்பார்கள். அந்தப் பந்தியில் நாம் விருந்தாளி. விருந்தாளியாக நம்மைச் சகித்துக்கொள்ள இன்று பலர் பழகிவிட்டார்கள். நாம் சமைத்தால்? 2018இல் திருப்பூர் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்க அருந்ததியர் பெண் ஒருவர் வந்தார். அவர் சமைத்ததை எங்கள் பிள்ளைகள் சாப்பிடக் கூடாது என்று ஆதிக்கச் சாதிப் பெற்றோர் பள்ளியை முற்றுகையிட்டார்கள். அதிகாரிகள் அந்த அம்மாவைத்தான் இடம் மாற்றினார்கள். அமைப்புகள் போராடிய பிறகே ஆணை திரும்பியது. 101 ஆண்டுகள் கழித்தும் கேள்வி இலையை விட்டு அடுப்புக்கு நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான் தூரம்.

ஆகவே தோழர்களிடம் ஒரு வேண்டுகோள். மே 29 வருகிறது. உங்கள் விடுதியிலோ தெருவிலோ அந்தக் கறியைச் சமைத்துப் பாருங்கள். செலவு கிடையாது. கறுப்புக் கொண்டைக்கடலையை முந்தின இரவே ஊறப்போடுங்கள். பலாக்கொட்டையின் வெள்ளைத் தோலை உரித்து, இரண்டாகவோ நான்காகவோ நறுக்கிக்கொள்ளுங்கள். உள்ளே ஒட்டியிருக்கும் பழுப்புத் தோல் கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை. கடலை முக்கால் வெந்ததும் கொட்டையையும் மஞ்சளையும் உப்பையும் போட்டுத் தண்ணீர் வற்றும் வரை வேகவிடுங்கள். சின்ன வெங்காயம், வற்றல் மிளகாய் இரண்டையும் ஒன்றிரண்டாக இடித்து, தேங்காய் எண்ணெயில் கறிவேப்பிலையோடு வதக்கி, வெந்ததைக் கொட்டிப் புரட்டி எடுங்கள். மலையாளத்தில் இதற்கு மெழுக்குபுரட்டி என்று பெயர். கூடச் சோறும் மோரும் போதும், வெயிலுக்கு இதமாக இருக்கும்.

வெளியில் உட்கார்ந்து சாப்பிடுங்கள், தெருவில் போகிறவர்கள் பார்க்கிற மாதிரி. நண்பர்களை அழையுங்கள், எந்தச் சாதி நண்பராக இருந்தாலும். சமையல் மட்டும் சேரியில், நம் வீட்டு அடுப்பில், நம் அம்மாக்களின் கையால் நடக்கட்டும். அழைத்தவர்களில் யார் வந்தார்கள், யாருக்கு அன்று திடீரென்று வேறு வேலை வந்துவிட்டது என்பதை எங்களுக்கு எழுதுங்கள்.